இது கதையா, சாட்சியா?
இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நின்று சில குறிப்புகள்

இதழாசிரியர் பத்துப் பன்னிரண்டு புதிய புத்தகங்களைக் கட்டி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: புனைவு ஒரு பக்கம், அபுனைவு ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் பத்து வரி, மாசக் கடைசிக்குள். வரவு நூல்களுக்குப் பத்து வரி எழுதுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. முன்னட்டை, பின்னட்டை, முன்னுரை இவற்றைப் பார்த்தே எழுதிவிடுகிற ஆட்களும் நம்மிடையே உண்டு. நானும் அதைச் செய்திருக்கிறேன். இந்த முறை என்னவோ எழுத்து ஓடவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ரகம் பிரிக்கவே முடியாமல் தவித்தேன். அந்தப் பத்து வரிகளைத் தனியாக எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கடந்த முப்பது வருஷத்தில் 'புதிய வரவு' என்று வந்து இறங்கிய சில புத்தகங்களை முன்வைத்து அதைப் பேசிப் பார்க்கிறேன்.

கணக்கு என் தரப்பில் தொடங்குகிறது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே இதழில் இரண்டு நாவல்களுக்கு மதிப்புரை எழுதினேன். ஒன்று நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர், தன் தாத்தாவின் வீட்டைப் பற்றி எழுதியது. இன்னொன்று சேரியில் பிறந்த ஒரு இளைஞரின் முதல் நாவல். முதலாவதற்கு 'கலை ஒருமை', 'மனத்தின் இருண்ட மூலைகள்', 'சொல்முறை' என்றெல்லாம் எழுதினேன். இரண்டாவதை 'ஒரு சமூகத்தின் வாழ்க்கையை உள்ளபடியே பதிவு செய்திருக்கும் முக்கியமான ஆவணம்' என்று முடித்திருந்தேன். புகழ்ந்ததாகத்தான் நினைப்பு. பிறகு ஒரு கூட்டத்தில் அந்த இளைஞர் டீ குடிக்கிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். 'தோழர், மூணு வருஷம் உக்காந்து ஒவ்வொரு வரியா அடிச்சு அடிச்சு எழுதுனேன். அந்தக் கிழவி எங்க ஊர்ல கிடையாது. நானா உண்டாக்குனவ. நீங்க என்னடான்னா எனக்கு வி.ஏ.ஓ. வேல போட்டுக் குடுத்துட்டீங்களே' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

எம்.ஏ. வகுப்பில் இந்தப் பிரிவினை எங்களுக்கு வாய்ப்பாடாகக் கற்பிக்கப்பட்டது. கற்பனை இருந்தால் இலக்கியம். தகவல் இருந்தால் வரலாறு. அதே வகுப்பில் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைத் தன்வரலாற்று இலக்கியம் என்று படித்தோம். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த எழுத்து அது. அதை இலக்கியமாகவும் ரசிக்கலாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குச் சான்றாகவும் காட்டலாம். இரண்டும் ஒரே நேரத்தில் செல்லுபடியாகும். 'இது ஆவணம்தானே, இலக்கியமா?' என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை. 'இது கதைதானே, சான்றாகுமா?' என்று ஒரு பேராசிரியரும் கேட்டதில்லை. அந்த இரட்டைச் சலுகை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

1

ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொள்கிறேன். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. இருவரும் உடன்பிறந்தவர்கள், அண்ணன், தங்கை. விருதுநகர்ப் பக்கம் அதே புதுப்பட்டி, அதே தலித் கிறிஸ்தவத் தெரு, அதே கோயில், பட்டாளத்துக்குப் போன அதே அப்பா. தங்கை 'நான்' என்று எழுதினார். அண்ணன் 'சிலுவை' என்று ஒருவனைப் படைத்து 'அவன்' என்று எழுதினார். ஒன்று தன்வரலாறு என்றும் மற்றது நாவல் என்றும் அட்டவணைகளில் ஏறின.

சரி, உள்ளே போய்ப் பார்த்தால் அட்டவணை நிற்கிறதா? 'கருக்கு' பிறப்பு, படிப்பு, வேலை என்று வரிசையாகப் போகிற வாழ்க்கை வரலாறு இல்லை. வேலை என்று ஒரு அத்தியாயம், விளையாட்டு என்று ஒரு அத்தியாயம், பக்தி என்று ஒன்று. சொன்ன இடத்துக்கே மறுபடி மறுபடி வந்து, ஒவ்வொரு தடவையும் இன்னொரு கோணத்தில் அறுத்துப் பார்க்கிற அமைப்பு. பனங்கருக்கின் இருபக்கப் பல்லைத் தலைப்பாக வைத்தது, சபை உரைநடையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தெருப் பேச்சிலேயே முழுப் புத்தகத்தையும் எழுதியது, மடத்திலிருந்து வெளியே வந்த பெண்ணின் கையறு நிலையை ஊரின் நினைவுகளோடு பின்னியது: இவை எல்லாமே தேர்வுகள். தேர்வு என்றால் கலை. தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிற இடம் பலருக்கும் நினைவிருக்கும். அதில் சிரிப்பை முதலில் வைத்து, தொட்டால் தீட்டு என்கிற விளக்கத்தைப் பின்னால் வைத்த ஒழுங்கு தற்செயலா? விளக்கம் முன்னால் வந்திருந்தால் அது கட்டுரை. சிரிப்பு முன்னால் வந்ததால், அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நாமும் சிரித்துவிட்டுப் பிறகு கூனிக்குறுக வேண்டியிருக்கிறது.

அந்த விளக்கத்தைச் சொல்கிறவர் 'அண்ணன்'. தங்கச்சி புத்தகத்தில் விஷயம் தெரிந்த பெரியமனுஷனாக ஒரு அண்ணன் வருகிறார். ராஜ் கௌதமனின் சிலுவையோ உதை வாங்குகிறவன், ஊர் சுற்றுகிறவன், தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறவன். 'தலித் பண்பாடு' (1993), 'தலித் பார்வையில் தமிழ்ப் பண்பாடு' (1994), 'அறம் அதிகாரம்' (1997) என்று கோட்பாட்டு நூல்களாக எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதர், தன் சொந்த வாழ்க்கையைச் சொல்ல மட்டும் கதையிடம் போனார். ஏன்? என் ஊகம் இது: தலித் வாழ்க்கையை எழுதினால் கண்ணீர்தான் வர வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு அதற்குள் வாசகரிடம் உருவாகிவிட்டிருந்தது. சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறவன் சிரிக்கக் கூடாது. கூண்டைவிட்டு இறங்கினால்தான் சிரிக்க முடியும். சிலுவைராஜ் சிரிக்கிறான்.

அந்த நாவல் முடிகிற இடம் இன்னும் கூர்மையானது. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்கிற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ தலித்துகள் வெளியேதான். தீண்டாமை மட்டும் கோயில் வாசல்வரை கூடவே வரும், சான்றிதழ் வராது. வேலைக்காகச் சிலுவைராஜ் காகிதத்தில் இந்துவாகிறான். எது இங்கே புனைவு? கதாசிரியர் எழுதிய நாவலா, அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுக்கிற சான்றிதழா? அரசு ஆவணம் என்பது ஒரு மனிதனைக் கட்டாயப்படுத்திப் பொய் சொல்ல வைக்கும்போது, உண்மை போய் ஒண்ட இடம் தேடி நாவலுக்குள் நுழைகிறது.

2

சான்று, புனைவு என்று தீர்ப்புச் சொல்கிற நீதிமன்றங்கள் மூன்று என்று எனக்குப் படுகிறது. முதலாவது நிஜமான நீதிமன்றம்.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, ஒரு குடிசைக்குள் அடைபட்ட 44 பேர் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணம் இன்றைக்கும் தமிழ்நாட்டில் பேசப்படுகிறது: குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் பெரிய மிராசுதார்கள், ஒருவர் கார்கூட வைத்திருக்கிறவர், அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். நண்பர்களே, இதைக் கொஞ்சம் இலக்கிய மாணவனாகப் படித்துப் பாருங்கள். கார் வைத்திருப்பவன் நடக்க மாட்டான், மிராசுதார் தன் கையால் கெட்ட காரியம் செய்ய மாட்டார் என்பது பாத்திரப் படைப்பு. ஒரு பாத்திரம் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்கிற முன்தீர்மானம். நேரில் பார்த்தவனின் சாட்சியம் கதை ஆனது. நிலவுடைமைக் கருத்தியல் புனைந்த கனவான் சித்திரம் உண்மை ஆனது.

இலக்கியம் என்ன செய்தது? 1975இல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வெண்மணியைப் பின்னணியாகக் கொண்டது. 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதில் கண்ணையா நாயுடுவின் ஆண்மையின்மை கொடூரத்தின் உளவியல் வேராக வைக்கப்பட்டது. கூலிப் போராட்டத்தின் பொருளாதாரம் ஒரு தனிமனிதனின் உடல் குறைக்குள் சுருங்கிவிட்டது என்று இடதுசாரிகள் அன்றே சண்டை பிடித்தார்கள். சண்டை நியாயமானது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளியிலிருந்து வந்த எழுத்தாளருக்கு அந்தச் சம்பவத்தை உளவியலாக்கிப் பார்க்கிற புனைவுரிமை கேட்காமலே கிடைத்தது. 'நீ அங்கே இருந்தாயா, ஆதாரம் எங்கே?' என்று விருதுக் குழு கேட்கவில்லை. வெண்மணியில் பிழைத்தவர்கள்தான் ஒவ்வொரு வாய்தாவிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) போன்ற பிற்கால நாவல்கள் அந்தப் பதிலைக் கதையின் பக்கமிருந்து சொல்ல வந்தவை. ராமையாவின் குடிசை என்ற அந்த எரிந்த வீட்டின் பெயரையே தலைப்பாக்கிப் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த ஆவணப்படம் (2005), பிழைத்தவர்களைப் பேசவிட்டுக் கேட்டது. நாவல்களையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் வெண்மணியைப் புரிந்துகொண்டேன். ஒன்று இல்லாமல் மற்றது எனக்குப் போதவில்லை.

3

இரண்டாவது நீதிமன்றம் ஊர்க்கூட்டம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நாலு வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளையில்லாத ஒரு தம்பதியின் கதை, திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினாலாம் நாள் ராத்திரி பற்றிய ஒரு வழக்கம், அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எழுத்தாளர் கள ஆய்வு செய்ததாகச் சொன்னதை வைத்து 'அப்படியென்றால் ஆதாரம் காட்டு' என்றார்கள். நாவலை வரலாற்று நூலாக மாற்றி, அந்த வரலாறு பொய் என்று தண்டிக்கிற விசித்திரம். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய 'அமைதிப் பேச்சுவார்த்தை'யில் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. அதன்பிறகு எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சுவார்த்தை உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. பிடிக்காத வாசகர் புத்தகத்தை மூடி வைக்கலாம், எழுத்தாளர் எழுதட்டும் என்றது. 1973இல் சாட்சியத்தைக் கதையாக்கிய அதே நீதிமன்றம், 2016இல் கதையைக் கதையாகப் படி என்று சொன்னது. இதற்காக நான் மகிழ்ந்தேன், இப்போதும் மகிழ்கிறேன். ஆனாலும் அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு முள் இருக்கிறது. கதை என்பதால் விட்டுவிடுங்கள் என்பது ஒரு பாதுகாப்புதான். அப்படியானால் கதை இல்லாமல், அதே வழக்கத்தைக் கள ஆய்வுக் கட்டுரையாக ஒருவர் எழுதினால்? அவருக்கு எந்தக் குடை? புனைவு என்கிற குடைக்குள் நின்று நாம் தப்பிக்கத் தப்பிக்க, அபுனைவு எழுதுகிறவர் மழையில் தனியாக நிற்கிறார். சாதி வரலாறு, கோயில் வரலாறு எழுதுகிற ஆய்வாளர்களுக்கு இது தெரியும்.

எழுதத் திரும்பி வந்த பெருமாள்முருகன் அடுத்து எழுதிய நாவல் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016). மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது என்று அதன் முன்னுரையில் வெளிப்படையாகவே சொன்னார். ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திக் கணக்கில் சேர்க்கிற அரசாங்கம் அதில் வருகிறது. அதை வெறும் ஆட்டுக் கதை என்று படிக்கிறவர் யாராவது இருந்தால் அவர் பாக்கியசாலி.

4

மூன்றாவது நீதிமன்றம் நாம்தான். நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பம். ஆரோக்கியம் என்கிற அந்தத் தாய். ராத்திரிச் சோறு எடுப்பது, களத்தில் தானியம் வாங்குவது, சாவுக்கும் பிறப்புக்கும் ஓடுவது, இந்த உழைப்பெல்லாம் மெல்ல மெல்ல மதிப்பிழந்து போவது என்று நகர்கிறது நாவல். அவள் மகள் மேரிக்கு நேர்கிற கொடுமை வெளி ஆளால் நேர்வதில்லை, தெருவுக்குள்ளிருந்தே நேர்கிறது. அதுவரை ஒடுக்கப்பட்டவர் என்று ஒற்றைச் சொல்லில் நாம் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்குள் இன்னொரு படிக்கட்டு தெரிந்தது.

அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பிறகு தலித் அரசியல் எழுச்சி பெற்றுவந்த காலம் அது. ஒற்றுமை தேவைப்பட்ட நேரத்தில் உட்பகையை எழுதலாமா, இது எதிரிக்குத்தானே பயன்படும் என்று தலித் இலக்கிய ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் கேட்டார்கள். கேட்டதில் இருந்த பதைப்பை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். வெட்டுப்பட்டுக் கொண்டிருந்தவர்களின் கேள்வி அது. ஆனால் அந்தக் கேள்வி நாவலை என்னவாக வைத்துக் கேட்கப்பட்டது? இயக்கத்தின் மனுவாக. மனுவில் நமக்கு எதிரான வரி இருக்கக் கூடாது. நாவலில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். 'கருக்கு' வந்தபோதும் பாமாவின் ஊர்க்காரர்களே முதலில் கோபப்பட்டார்கள், கொஞ்ச காலம் ஊருக்குள் போக முடியவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். படித்த பிள்ளைகள் வாசித்துக் காட்டிய பிறகு ஊர் அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. ஊருக்குக் கொஞ்ச காலம் போதுமாக இருந்தது. விமர்சகர்களுக்கு இன்னும் போதவில்லை.

பூமணி, இமையம், சோ. தர்மன் மூவரும் 'தலித் எழுத்தாளர்' என்கிற அடைமொழியை வெவ்வேறு சமயங்களில் மறுத்திருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதை ஓடி ஒளிவதாகவே எடுத்துக்கொண்டேன். ஆவணம் என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த அடைமொழியில் அரசியல் பாதி, அலமாரி பாதி. அரசியல் பாதியை அவர்கள் மறுத்தால் அதை வாதிட்டுத் தீர்க்கலாம். அலமாரிப் பாதியை அவர்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. 'நீ உன் தெருவைப் பற்றிய தகவலைக் கொடு, வடிவத்தை நாங்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம்' என்று சொல்கிற அலமாரி அது. பொய் சொல்கிற உரிமை, அதாவது இல்லாத கிழவியை உண்டாக்குகிற உரிமை, இலக்கியத்தில் அடிப்படை உரிமை. அதை மறுப்பது கூலியில் அரைப்படியைக் குறைப்பதற்குச் சமம் என்பேன்.

5

இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். புனைவு ஆவணத்தின் வேலையை விரும்பியே எடுத்துக்கொள்கிற நாவல்கள் இருக்கின்றன. பூமணியின் 'அஞ்ஞாடி' (2012) ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிறது. கலிங்கல் என்கிற கரிசல் ஊரில் ஆண்டி, மாரி என்ற இரண்டு பையன்களின் சிநேகிதத்தில் தொடங்குகிறது. ஒருவன் பள்ளர் வீட்டுப் பிள்ளை, மற்றவன் வண்ணார் வீட்டுப் பிள்ளை. அங்கிருந்து தாது வருஷப் பஞ்சம், 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கொள்ளை என்று விரிகிறது. இதற்காகக் கலை அறக்கட்டளை ஒன்றின் நல்கை பெற்றுப் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார் பூமணி. நாவலின் கடைசிப் பாதியில் ஆவணம் கதையைத் தின்கிறது என்று குறைபட்டவர்கள் உண்டு. எனக்கும் சில இடங்களில் மூச்சு முட்டியது. ஆனால் பஞ்சத்தில் மாரியின் குடும்பம் என்ன தின்றது என்பதை எந்த ஆவணக் காப்பகத்தில் போய்த் தேடுவது?

சோ. தர்மனின் 'சூல்' (2016) அவருடைய சொந்த ஊரான உருளைக்குடியின் கண்மாயைப் பற்றியது. மடை, கலிங்கு, கரம்பை மண், நீர்ப்பாய்ச்சி என்று ஒரு ஊர் தன் தண்ணீரைத் தானே ஆண்ட முறையைச் சொல்லி, சுதந்திரத்துக்குப் பின் அது அழிந்த கதைக்கு வந்து சேர்கிறது. பழைய காலத்தைக் கொஞ்சம் அதிகமாகவே மினுக்கிக் காட்டுகிறார் என்பது என் கருத்து. கண்மாய்த் தண்ணீர் முறையிலும் சாதி வரிசை உண்டு. அந்த இடத்தில் நாவல் வேகமாக நடந்து போய்விடுகிறது. இப்படி ஒரு குறையை நான் சொல்ல முடிவதே அதை நாவலாகப் படித்ததால்தான். ஆவணமாகப் படித்திருந்தால் 'அரிய தகவல்கள்' என்று முடித்துவிட்டு எழுந்திருப்பேன்.

இவற்றுக்கு எதிர் அலமாரியில் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 1984இல் பதினேழு வயதில் வ.உ.சி. கடிதங்களைப் பதிப்பித்தவர் அவர். அந்தத் தேடல் ஏறத்தாழ நாற்பது வருஷம் ஊறி இந்த நூலாக வந்திருக்கிறது. 1908 மார்ச் 13இல் நெல்லையில் நடந்தது என்ன, துப்பாக்கிச் சூட்டில் விழுந்த நாலு பேர் யார், தலைவர்கள் சிறைக்குப் போனதும் தெருவில் இறங்கியவர்கள் யார் என்று போகிறது. இதை எழுத முடிந்ததற்கு ஒரு காரணம், காலனிய அரசு வழக்குப் போட்டது. குற்றம் சாட்டப்பட்டவனின் பெயர், தொழில், ஊர் எல்லாவற்றையும் எழுதி வைத்தது. ரணஜித் குகா முதலான விளிம்புநிலை வரலாற்றாசிரியர்கள் 1980களிலேயே காட்டிய விஷயம்தான்: ஏழை, ஆவணக் காப்பகத்துக்குள் நுழைவது பெரும்பாலும் குற்றவாளியாக. கல்லெறிந்தவனுக்குக் கோப்பு இருக்கும். காலம் முழுக்க மடை திறந்து மடை அடைத்த உருளைக்குடி நீர்ப்பாய்ச்சிக்குக் கோப்பு கிடையாது. அவர் கலகம் செய்யவில்லை, ஆகவே வரலாற்றில் இல்லை. கோப்பு இருக்கிற இடத்தில் வேங்கடாசலபதி வேலை செய்கிறார். கோப்பே இல்லாத இடத்தில் தர்மன் வேலை செய்கிறார். இரண்டும் ஒரே வேலையின் முன்கையும் பின்கையும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்றை 'ஆய்வு' என்று மேலேயும் மற்றதை 'வட்டார நாவல்' என்று கீழேயும் வைப்பதற்கு என்ன நியாயம்?

6

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். வர வேண்டும். 'எல்லாமே பிரதிதான், எல்லாமே கதையாடல்தான்னு சொல்லிக்கிட்டே போனா, வெண்மணியும் ஒரு கதையாடல்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். அப்ப என்ன செய்வீங்க?' என்று ஒரு தொழிற்சங்கத் தோழர் கேட்டார். சரியான கேள்வி. 1990களில் சிறுபத்திரிகைகளில் இறக்குமதியான கோட்பாடுகளைப் படித்து வளர்ந்த எங்களில் பலர் இந்தக் கேள்வியைச் சாதுரியமாகத் தாண்டிப் போனோம்.

தாண்டக் கூடாது. 44 என்பது கதையாடல் இல்லை, எண்ணிக்கை. அதற்குள் பெயர்கள் இருக்கின்றன. புனைவுக்கும் சாட்சிக்கும் வேறுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வேறுபாடு உண்டு, அது எழுத்தாளர் வாசகரோடு செய்துகொள்கிற ஒப்பந்தத்தில் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவரை ஆதாரம் கேட்கலாம். உண்டாக்கிச் சொல்கிறேன் என்றவரிடம் வேறு கேள்விகள் கேட்க வேண்டும். என் சண்டை எல்லாம் அந்த ஒப்பந்தத்தை எழுதியவர் கையெழுத்திடும் முன்பே நாம் திருத்துவதைப் பற்றி. சேரியிலிருந்து நாவல் வந்தால் அது சாட்சி என்று திருத்துகிறோம். சேரியிலிருந்து சாட்சி வந்தால் அது கதை என்று நீதிமன்றம் திருத்துகிறது. இரண்டு திருத்தமும் ஒரே பேனாவில் நடக்கிறது. ஒரே மனிதருக்குக் கதைசொல்லியின் சுதந்திரமும் வேண்டும், சாட்சியின் நம்பகமும் வேண்டும். உ.வே.சா.வுக்கு நாம் கொடுத்தது அதைத்தான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஆகவே மதிப்புரை எழுதுகிற நாம் சில எளிய காரியங்களைச் செய்து பார்க்கலாம். நாவல் என்று போட்டு வந்த புத்தகத்தில் முதலில் சொல்முறையைப் பேசலாம், எழுதியவர் எந்தத் தெருவில் பிறந்தவராக இருந்தாலும். தன்வரலாறு என்று போட்டு வந்ததில் எது விடுபட்டிருக்கிறது, எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம், எழுதியவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும். மேல்தட்டு நினைவுக் குறிப்புகளைப் படிக்கையில் அந்த வீட்டில் தண்ணீர் இறைத்தவர் யார் என்று கேட்கலாம். 'ஆவணம்' என்கிற சொல்லைப் பாராட்டாக எழுதும்முன் ஒரு ராத்திரி தள்ளிப் போடலாம்.

ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் காலமானார். இரங்கல் குறிப்புகளில் 'தலித் ஆய்வாளர்' என்பது பெரிய எழுத்தில் வந்தது. நாவலாசிரியர் என்பது, வந்த இடத்தில், பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. சிலுவைராஜ் பார்த்திருந்தால் சிரித்திருப்பான்.

இதழாசிரியருக்கு: நீங்கள் கேட்ட இரண்டு பட்டியல் என்னிடம் இல்லை. ஆசிரியர் பெயர் அகர வரிசையில் ஒரே பட்டியலாக அனுப்புகிறேன். பக்க அமைப்புக்கு ஒத்து வராது என்று அச்சுக்கோக்கிற நண்பர் முணுமுணுப்பார். அந்த இளைஞரின் இரண்டாவது நாவலும் இந்தக் கட்டில் இருக்கிறது. அதற்குப் பத்து வரி போதாது. மூன்று பக்கம் ஒதுக்கி வையுங்கள். அவர் உண்டாக்கிய ஆட்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.